வினாத்தாள் திட்ட வரைவு: ஒரு வரலாறு

பாடம் நடத்தி முடித்த ஆசிரியர் தேர்வு வைக்குமுன், எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண், அதில் நினைவில் வைத்ததைக் கேட்பது எவ்வளவு, புரிந்துகொண்டதைக் கேட்பது எவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதிக்கொள்வதை வினாத்தாள் திட்ட வரைவு என்பர். ஆசிரியர்கள் பேச்சில் அது ‘ப்ளூபிரிண்ட்’. கற்பித்தலுக்கு ஒரு நோக்கம் உண்டு, தேர்வும் அதே நோக்கத்தைத்தான் அளக்க வேண்டும் என்ற எண்ணம் இன்று எளிதாகத் தெரிந்தாலும், அதை நடைமுறையாக்கும் கருவி 20ஆம் நூற்றாண்டில்தான் உருவானது.

திண்ணைப் பள்ளிக்கு அப்படியொரு கருவி தேவைப்படவில்லை. எண்சுவடியையும் ஆத்திசூடியையும் சொல்லிக்கொடுத்தவரே மறுநாள் காலையில் முறை கேட்டார். பெரும்பாலும் மனப்பாடமே நோக்கம், ஒப்பிப்பதே தேர்வு. இரண்டுக்கும் இடையே விலகல் வர வழியில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டு மெட்ரிகுலேஷன் தேர்வு நிலைபெற்றபோதுதான் நிலைமை மாறியது. கற்பிப்பவர் ஒருவர், வினா எழுதுபவர் வேறொருவர் என்று ஆயிற்று. மாணவரைப் பார்த்தே இராத தேர்வாளர், வகுப்பில் என்ன நடந்தது என்று அறியாமலே வினா எழுதினார். சென்னை மாகாணத்தில் 1911இல் வந்த எஸ்.எஸ்.எல்.சி. இந்தப் பிளவை ஓரளவு இணைக்க முயன்றது. பள்ளியில் வாங்கிய மதிப்பெண்களும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பதிவாயின. ஆனால் வேலைக்கும் மேற்படிப்புக்கும் பொதுத்தேர்வு மதிப்பெண்தான் பேசியது.

திட்ட வரைவின் வேர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1929இல் அங்கு சேர்ந்த ரால்ஃப் டைலர், தேர்வுகளைச் செம்மைப்படுத்துவதில் பல துறைப் பேராசிரியர்களுக்கு உதவினார். உயிரியல் துறையினரின் வினாக்கள் பெரும்பாலும் பெயர்களையும் வரையறைகளையும் கேட்டன. இந்தப் பாடத்தைப் படித்த மாணவர் என்ன செய்யக்கூடியவராக வேண்டும் என்று டைலர் கேட்டபோது, சோதனை முடிவுகளைப் படித்துப் பொருள் கொள்ள வேண்டும், கோட்பாட்டைப் புதிய சூழலில் பயன்படுத்த வேண்டும் என்ற பதில் வந்தது. அப்படியானால் அதையே கேளுங்கள் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். தனித்தனியாக அளந்து பார்த்தபோது, தகவல் அறிவில் முந்தியவர் பயன்படுத்துவதிலும் முந்துவார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஓராண்டு கழிந்த பின் பெயர்கள் பெரிதும் மறந்திருந்தன, பயன்படுத்தும் திறன் நிலைத்திருந்தது. தேர்வு வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள கண்டுபிடிப்பைச் சொல்வது கடினம்.

அமெரிக்காவில் 1933இல் தொடங்கிய ‘எட்டாண்டு ஆய்வு’ என்ற திட்டத்தில் 30 பள்ளிகள் தம் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொண்டன. அதன் மதிப்பீட்டுப் பணிக்கு டைலர் பொறுப்பேற்றார். பள்ளிக்குப் பள்ளி நோக்கங்கள் வேறுபட்டதால் ஏற்கெனவே தயாராக இருந்த தேர்வு எதுவும் பொருந்தவில்லை. ஆசிரியர்களோடு உட்கார்ந்து நோக்கத்தை எழுதிவிட்டுத் தேர்வை உருவாக்க வேண்டியிருந்தது. 1949இல் வெளிவந்த அவருடைய பாடத்திட்ட நூலில் ஒருபக்கம் பாடப்பொருள், மறுபக்கம் மாணவரிடம் எதிர்பார்க்கும் நடத்தை என்ற இருவழி அட்டவணை, உயிரியல் பாடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அச்சேறியது.

டைலரிடம் பயின்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் தேர்வாளராக இருந்த பெஞ்சமின் புளூம், 1956இல் சக தேர்வாளர்களோடு சேர்ந்து அறிவுசார் நோக்கங்களை அறிதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடுதல் என ஆறாக வகைப்படுத்தினார். இன்று பி.எட். மாணவர் அனைவரும் தலைகீழாகச் சொல்லும் இந்த வரிசை, பல கல்லூரிகளின் தேர்வாளர்கள் தங்களுக்குள் வினாக்களைப் பரிமாறிக்கொள்ள வசதியான பொதுமொழியாகத்தான் முதலில் திட்டமிடப்பட்டது.

அப்போது இந்தியாவில் இதற்கான நிலம் பண்பட்டிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, பொதுத்தேர்வுகளைக் குறைத்து வகுப்புத் தேர்வுகளுக்கும் பள்ளிப் பதிவேடுகளுக்கும் இடம் தர வேண்டும் என்று 1953இல் பரிந்துரைத்திருந்தது. 1957இல் புளூம் இந்தியா வந்து ஆசிரியர்களுக்கும் கல்வி அலுவலர்களுக்கும் பயிலரங்குகள் நடத்தினார். அடுத்த ஆண்டே மத்தியத் தேர்வுப் பிரிவு அமைக்கப்பட்டது. பின்னர் தேர்வுச் சீர்திருத்தப் பணி, 1961இல் உருவான என்.சி.இ.ஆர்.டி.யின் கைக்கு வந்தது. ஆறு வகை நோக்கங்கள் இந்தியப் பள்ளிகளில் அறிவு, புரிதல், பயன்பாடு, திறன் என நான்காகச் சுருங்கின. கட்டுரை வினா, குறுவினா, புறவய வினா என்ற பங்கீடு அவற்றோடு சேர்ந்தது.

அந்தக் கட்டம் வேலை செய்யும் விதத்தை எட்டாம் வகுப்பு அறிவியலில் 20 மதிப்பெண் தேர்வொன்றை வைத்துப் பார்க்கலாம். வெப்பத்துக்கு ஐந்து பாடவேளை, ஒலிக்கு மூன்று, காந்தத்துக்கு இரண்டு செலவாகியிருந்தால் மதிப்பெண்ணும் 10, 6, 4 என்று பிரியும். குறுக்கே அறிவுக்கு 6, புரிதலுக்கு 8, பயன்பாட்டுக்கு 4, திறனுக்கு 2 என்று வைக்கலாம். வெப்பமும் பயன்பாடும் சந்திக்கும் கட்டத்தில், ரயில் தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி விடுவது ஏன் என்ற வினாவை ஆசிரியர் எழுதுகிறார் என்று கொள்வோம். வகுப்பில் வெப்ப விரிவுக்கு அவர் சொன்ன உதாரணமே தண்டவாளமாக இருந்தால், அது பயன்பாட்டு வினா அல்ல, வெறும் நினைவு வினா. இறுகிப்போன உலோக மூடியை வெந்நீரில் காட்டினால் திறப்பது ஏன் என்று கேட்டால்தான், அந்த உதாரணம் வகுப்பில் வராத வரையில், அந்தக் கட்டம் உண்மையில் நிரம்பும். ஒரு வினா எந்த நோக்கத்தை அளக்கிறது என்பது வினாவின் சொற்களைப் பார்த்து மட்டும் முடிவாகாது, வகுப்பில் என்ன நடந்தது என்பதையும் பொறுத்தது. திட்ட வரைவு, பாடம் நடத்தியவரின் கையில்தான் முழுப்பயன் தரும் என்பதற்கு இதுவே காரணம்.

பொதுத்தேர்வில் இந்த நிபந்தனை நிறைவேற வழியில்லை. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கிய பின் வளர்ந்த போட்டியில், ப்ளூபிரிண்ட் மாணவர் கைக்கும் வழிகாட்டி நூல்களின் முதல் பக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது. எந்தப் பாடத்திலிருந்து ஐந்து மதிப்பெண் வினா, எதிலிருந்து பத்து மதிப்பெண் வினா என்று முன்பே தெரிந்ததால், விருப்பத்தெரிவைக் கணக்குப் போட்டு முழுப் பாடங்களையே விட்டுவிடுவது உத்தியாயிற்று. கற்பித்தலுக்கு ஏற்பத் தேர்வை அமைக்க வந்த கருவி, தேர்வுக்கு ஏற்பக் கற்பித்தலைக் குறுக்கியது. மெதுவாகக் கற்கும் மாணவர் தேர்ச்சி பெற அது உதவியது என்று வாதிடுவோர் உண்டு. அந்த உதவியேதான் பாடத்தின் ஒரு பகுதியை அவர்களிடமிருந்து பறித்தது. 2017-18ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்து, மொத்த மதிப்பெண் 1200இலிருந்து 600 ஆனபோது, ப்ளூபிரிண்ட் முறையும் கைவிடப்பட்டது.

வகுப்பறைத் தேர்வு வேறு பாதையில் சென்றது. 2012-13இல் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு முப்பருவ முறை வந்தது. வகுப்பில் அவ்வப்போது நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிந்தது. செயல்பாடும் சிறுதேர்வும் ஆசிரியரின் பொறுப்பாயின. 1953இல் கேட்கப்பட்ட இடம் வகுப்பாசிரியருக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்துக் கிடைத்தது. பதிவேடு எழுதும் சுமையும் கூடவே வந்ததால், பல பள்ளிகளில் செயல்பாட்டைவிட அதற்கான தாள்தான் ஒழுங்காக இருந்தது.

பிறகு நோக்கங்கள் ‘கற்றல் விளைவுகள்’ என்ற பெயரில் எழுதப்பட்டன. தொடக்கநிலைக்கான விளைவுகளை 2017இல் என்.சி.இ.ஆர்.டி. வகுப்புவாரியாக வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2022-23இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துக் கற்பித்தது. பயிற்சி நூலும் மதிப்பீடும் அந்தந்த நிலைக்கு ஏற்ப அமைந்தன. கூட்டலே தடுமாறும் குழந்தையிடம் பெருக்கல் கேட்கப்படவில்லை. இருவழி அட்டவணையோ பி.எட். பயிற்சியில் இன்றும் தொடர்கிறது. அடைவுத் தேர்வுப் பதிவேட்டில் அதை வரைந்து, வினாவும் விடைக்குறிப்பும் எழுதி, தேர்வு நடத்திய பின் எந்த வினாவில் எத்தனை பேர் தவறினர் என்று பகுத்துக் காட்டிய பிறகே பயிற்சி மாணவரின் பதிவேடு நிறைவுபெறுகிறது.