சாம்பல் நிற வை-ஃபை பட்டன்: உங்க ரேடியோவோட ஸ்விட்ச் யார் கையில?

இந்த எபிசோடு, நேயர் ஒருத்தர் அனுப்பின கேள்வியில இருந்து பிறந்தது. "லேப்டாப்ல வை-ஃபை பட்டன் சாம்பல் கலர்ல கிடக்கு. எத்தனை தடவை கிளிக் பண்ணாலும் ஆன் ஆகல. என்ன பண்றது?" அவ்வளவுதான் கேள்வி.

பதிலை முதல்லயே சொல்லிடறேன், அவசரத்துல இருக்கறவங்க இதோட கிளம்பிடலாம். லேப்டாப்போட முன்விளிம்புலயோ பக்கவாட்டுலயோ ஒரு குட்டி தள்ளு ஸ்விட்ச் இருக்கான்னு தடவிப் பாருங்க. இல்லைன்னா மேல் வரிசையில ஆன்டெனா படமோ விமானப் படமோ போட்ட கீயை, தேவைப்பட்டா எஃப்என் கீயோட சேர்த்து, அழுத்துங்க. பல பேருக்கு இதுலயே சரியாகிடும்.

மீதிப் பேருக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கு. என் காசு, என் மெஷின். அதுக்குள்ள இருக்கிற ஒரு சின்ன சில்லை ஆன் பண்ற உரிமை ஏன் என் மவுஸுக்கு இல்லை? கதை 1985-ல் ஆரம்பிக்கிறது.

வை-ஃபைன்னா நாம "நெட்"டுன்னு நினைக்கிறோம். நிஜத்தில் அது ஒரு ரேடியோ. எஃப்எம் ரேடியோ மாதிரி கேட்க மட்டும் செய்யாது, ஒலிபரப்பவும் செய்யும். ஒலிபரப்பு என்றாலே அரசாங்கங்களுக்கு ஒரு கண் எப்போதும் உண்டு. வானொலி நிலையம், போலீஸ் வயர்லெஸ், கப்பல், விமானம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலைவரிசை, தனித்தனி லைசென்ஸ். அதில் யாரும் விரும்பாத சில துண்டுகள் மட்டும் மிச்சம் இருந்தன. 1947-ல் அட்லான்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச மாநாட்டில், தொழிற்சாலை, ஆராய்ச்சிக்கூடம், மருத்துவமனைக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கினார்கள். அங்கே செய்தி அனுப்புகிறவர்கள் வந்தால், இந்தக் கருவிகளின் இரைச்சலைச் சகித்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒதுக்கப்பட்ட 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் பின்னாளில் மைக்ரோவேவ் அவன் வந்து உட்கார்ந்தது. பொறியாளர்கள் வாயில் இந்த அலைவரிசைகளுக்குச் செல்லப் பெயர்: குப்பை அலைவரிசை.

அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யில் மைக்கேல் மார்கஸ் என்று ஒரு பொறியாளர் இருந்தார். ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் என்ற, அதுவரை பெரும்பாலும் ராணுவத்தின் கையில் இருந்த நுட்பத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று வாதாடியவர் அவர். சிக்னலை ஒரே இடத்தில் குவிக்காமல் அகலமாகப் பரப்பி அனுப்பினால், இரைச்சல் நடுவிலும் பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் யோசனை. 1985 மே மாதம் எஃப்.சி.சி. சம்மதித்தது. 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5.8 ஜிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று குப்பைப் பகுதிகளில், பவர் வரம்புக்குள், தனிப்பட்ட லைசென்ஸ் வாங்காமலே யாரும் ஒலிபரப்பலாம்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. லைசென்ஸ் வேண்டாம்னு சொன்னாங்களே தவிர, விதி வேண்டாம்னு சொல்லல. முன்னாடி அந்த விதியைக் காப்பாத்த வேண்டியது லைசென்ஸ் வாங்கினவர் பொறுப்பு. இனி மெஷினே காப்பாத்தணும். நேயரோட சாம்பல் பட்டனுக்கு விதை இங்கதான் விழுந்ததுன்னு நான் நினைக்கிறேன்.

இந்தக் கதவு வழியாக உள்ளே வந்த முக்கியமான கம்பெனி எது தெரியுமா? கடைகளில் பில் போடும் கல்லா மெஷின் செய்த என்.சி.ஆர். கடைக்காரர்கள் அடிக்கடி கல்லாவை இடம் மாற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் தரையைத் தோண்டிக் கேபிள் போட முடியுமா? அதற்காக நெதர்லாந்தில் இருந்த என்.சி.ஆர். குழு வயர் இல்லாத ஒரு நெட்வொர்க்கை உருவாக்கியது. அங்கிருந்த விக் ஹேஸ் என்பவர்தான் 1990-ல் தொடங்கிய ஐ-ட்ரிபிள்-இ 802.11 குழுவுக்குத் தலைமை ஏற்று, ஆளுக்கொரு பக்கம் இழுத்த கம்பெனிகளை ஒரே மேஜையில் உட்காரவைத்தார். தரநிர்ணயம் வெளிவர 1997 ஆகிவிட்டது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட்! 1999-ல் வந்த 802.11பி அதை 11 ஆக்கியது. "வை-ஃபை" என்ற பெயரும் அந்தச் சமயத்தில் இன்டர்பிராண்ட் என்ற பிராண்ட் ஆலோசனை நிறுவனம் உருவாக்கியதுதான். அதற்கு விரிவாக்கம் எதுவும் கிடையாது. வினாடி வினாவுல யாராவது "வயர்லெஸ் ஃபிடலிட்டி"ன்னு மார்க் வாங்கினா விட்டுக்கொடுக்காதீங்க.

சரி, இப்ப ஸ்விட்சுக்கு வருவோம்.

முதல் தலைமுறையில் இந்தப் பிரச்சினையே இல்லை. லேப்டாப்பின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும். அதில் ஏடிஎம் கார்டைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு அட்டையைச் செருகினால் வயர்லெஸ் ஆன். உருவினால் ஆஃப். யாரும் குழம்ப வழியில்லை.

1999 ஜூலை, நியூயார்க் மேக்வேர்ல்டு மேடை. ஸ்டீவ் ஜாப்ஸ் புது ஐபுக்கில் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து, அதைக் கையில் தூக்கிக்கொண்டு மேடையில் நடக்கிறார். வயர் எதுவும் இல்லை என்று காட்ட, வித்தைக்காரர் மாதிரி ஒரு ஹூலா ஹூப் வளையத்துக்குள் லேப்டாப்பை நுழைத்து எடுக்கிறார். கூட்டம் கத்துகிறது. 99 டாலர் கொடுத்தால் அதற்கான ஏர்போர்ட் கார்டு லேப்டாப்புக்குள்ளேயே, கீபோர்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அட்டை கண்ணிலிருந்து மறைந்தது அப்போதுதான்.

2003 மார்ச்சில் இன்டெல் இதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனது. லேப்டாப்பில் "சென்ட்ரினோ" ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமா? இன்டெல்லின் பென்டியம் எம் சில், அதன் சிப்செட், அதனுடைய வை-ஃபை கார்டு மூன்றும் இருந்தாக வேண்டும். லேப்டாப் செய்கிறவர்கள் வரிசையாக வை-ஃபையை உள்ளே வைத்துத் தர ஆரம்பித்தார்கள்.

உள்ள போய்ட்டா எப்படி உருவறது? விமானத்துல ஒலிபரப்பக் கூடாது. பேட்டரியும் சீக்கிரம் காலியாகுது. ரேடியோ நிஜமாவே நின்னுடுச்சுங்கற உறுதி வேணும். அதுக்கு வந்ததுதான் அந்தத் தள்ளு ஸ்விட்ச். இது மென்பொருளைக் கேட்டுக்கொள்ளும் ஸ்விட்ச் அல்ல. லேப்டாப்புக்குள் வை-ஃபை கார்டு உட்காரும் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் 20-ஆம் பின் இதற்கென்றே இருக்கிறது. அந்தப் பின்னில் மின்னழுத்தத்தை இறக்கினால் ரேடியோ வாயை மூடிக்கொள்ளும். விண்டோஸ் சொன்னாலும் லினக்ஸ் சொன்னாலும் திறக்காது. ஸ்விட்ச் உடைந்துபோன பழைய லேப்டாப்களில், கார்டைக் கழற்றி அந்த ஒரே ஒரு பின்னின் மேல் மெல்லிசாக டேப் ஒட்டிச் சரிசெய்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. ரிப்பேர் கடைகளுக்கும் தெரிந்த வித்தை. எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த காட்சி இதுதான்: ஒரு சர்வதேசத் தரநிர்ணயத்தை ஒரு துண்டு டேப் தோற்கடிக்கிறது.

2012-ல் விண்டோஸ் 8 ஏரோபிளேன் மோடைக் கொண்டுவந்த பிறகு தள்ளு ஸ்விட்ச் மெதுவாக மறைந்து, அதன் இடத்தை ஒரு கீ பிடித்தது. இது இன்னும் குழப்பம். தள்ளு ஸ்விட்சைப் பார்த்தாலே எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தது. கீயைப் பார்த்தால் என்ன தெரியும்? அழுத்தியதை வாங்கி என்ன செய்வது என்று முடிவெடுப்பது ஒரு டிரைவர். அந்த டிரைவர் இல்லாவிட்டால் கீ இருந்தும் பயனில்லை.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் "ஆர்எஃப்கில் லிஸ்ட்" என்று கட்டளை கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ரேடியோவுக்கும் இரண்டு வரி வரும். சாஃப்ட் பிளாக்டு, ஹார்டு பிளாக்டு. முதலாவது "யெஸ்" என்றால் மென்பொருள் பூட்டியிருக்கிறது, "ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை" என்றால் திறந்துவிடும். இரண்டாவது "யெஸ்" என்றால் அந்தப் பின் பூட்டியிருக்கிறது, அல்லது கீபோர்டைக் கவனிக்கும் டிரைவர் அப்படிச் சொல்கிறது. நீங்க என்ன டைப் அடிச்சாலும் நகராது. சாம்பல் பட்டனோட மர்மம் பெரும்பாலும் இந்த ரெண்டாவது வரிதான்.

இதெல்லாம் திறந்திருந்தும் வை-ஃபை ஐகானே இல்லைன்னா? அது வேற பூட்டு. அதோட கதைதான் எனக்கு நெருக்கமானது.

லினக்ஸ் போட்டதும் வை-ஃபை காணாமல்போகும் அனுபவம் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த பலருக்கு உண்டு. பக்கத்து ரூம் நண்பன் லேப்டாப்பில் ராத்திரி பதினோரு மணிக்கு உபுண்டு போட்டோம். திரை அழகாக வந்தது, வை-ஃபை மட்டும் இல்லை. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். கடைசியில் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, டெதரிங் போட்டு இறக்கினோம். இன்றைக்கும் இதுதான் கைகொடுக்கும் வழி, குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த நிலை? 2000-களில் பல சில் தயாரிப்பாளர்கள் தங்கள் வை-ஃபை சில்லுகளை எப்படி இயக்குவது என்ற விவரத்தை வெளியிடவில்லை. பிராட்காம் சில்லுகளுக்காகத் தன்னார்வலர்கள் செய்த வேலை அசாத்தியமானது. ஒரு குழு, கம்பெனியின் டிரைவரைப் பிரித்துப் பார்த்து, சில் எப்படி நடந்துகொள்கிறது என்று குறிப்பு எழுதியது. இன்னொரு குழு அந்த டிரைவரைக் கண்ணாலும் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக நிரல் எழுதியது. காப்புரிமை வழக்கு வந்தால் "நாங்கள் காப்பி அடிக்கவில்லை" என்று காட்டுவதற்காக இப்படிச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். 2006 ஜூனில் வந்த லினக்ஸ் 2.6.17-ல் அவர்கள் டிரைவர் சேர்ந்தது. 2010 செப்டம்பரில் பிராட்காமே தன் புதிய சில்லுகளுக்குத் திறந்தமூல டிரைவரை வெளியிட்டது.

கம்பெனிகள் இதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று நம்மை 1985-க்கே கூட்டிப்போகிறது. அதெராஸ் சில்லுகளின் லினக்ஸ் டிரைவரில் ஒரு பகுதி பல வருடம் மூடியே இருந்தது. எந்த அலைவரிசை, எவ்வளவு பவர் என்பதைத் தீர்மானிக்கும் பகுதி அது. அதைத் திறந்துவிட்டால் யாராவது மாற்றி, விதி மீறி ஒலிபரப்புவார்கள், பழி எங்கள் மேல் விழும் என்பது வாதம். 2008-ல் அதையும் திறந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

ஆனாலும் சில்லுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் இன்றும் பெரும்பாலும் மூடித்தான் வருகிறது. கட்டற்ற மென்பொருளில் பிடிவாதமான டெபியன், அதனாலேயே தன் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் அதைச் சேர்க்க மறுத்தே வந்தது. 2022-ல் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்திச் சேர்க்க முடிவெடுத்தது, 2023-ல் டெபியன் 12-ல் அமலுக்கு வந்தது. கொள்கை முக்கியமா, நெட் முக்கியமா? நான் அந்தத் தேர்தலில் இருந்திருந்தால் சேர்க்கவே வாக்களித்திருப்பேன். எதிர்த்தவர்களின் வருத்தமும் எனக்குப் புரிகிறது.

கடைசிப் பூட்டு உங்கள் நாடு.

நம்ம ஊரில் 1933-ஆம் வருடத்து வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டப்படி, வயர்லெஸ் கருவியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. பாட்டு கேட்கும் ரேடியோவுக்கே தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டிய கதையைத் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில்தான் 2005 ஜனவரியில் மத்திய அரசு விதி போட்டு 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு விலக்கு தந்தது. 5 ஜிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் முழுமையாகத் திறந்தது 2018 அக்டோபரில்.

இது ரிப்பேருக்கு எப்படி உதவும்னு கேக்கலாம். வெளிநாட்டிலிருந்து அண்ணன் வாங்கிவந்த லேப்டாப்பில் மற்ற நெட்வொர்க் எல்லாம் தெரிகிறது, உங்கள் வீட்டு ரௌட்டர் மட்டும் தெரியவில்லையா? ரௌட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் அவை சாதாரணம். அமெரிக்க ரௌட்டர்களும் லேப்டாப்களும் வழக்கமாக 11-ஓடு நின்றுவிடும். சேனலை 1, 6, 11-ல் ஒன்றாக மாற்றுங்கள். அதேபோல், கரண்ட் போய் வந்த பிறகு 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் ஒரு நிமிடம் தாமதமாக வருகிறதா? அந்தப் பகுதியில் வானிலை ரேடார்களும் இருக்கின்றன. குறிப்பிட்ட சில சேனல்களில் ரௌட்டர், ரேடார் ஏதும் இருக்கிறதா என்று குறைந்தது 60 விநாடி காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். அது ரிப்பேர் இல்லை, காத்திருங்கள்.

கேள்வி அனுப்பின நேயர் இதெல்லாம் பார்த்தும் பட்டன் சாம்பலாவே இருந்தா, லேப்டாப்பை முழுசா ஷட் டவுன் பண்ணி, சார்ஜரையும் எடுத்துட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிச்சுட்டு ஆன் பண்ணிப் பாருங்க. அப்புறம் பயாஸுக்குள்ள போய் வயர்லெஸ் எனேபிள் ஆகியிருக்கான்னு பாருங்க. அதுக்கும் மசியலைன்னா மாடல் நம்பரோட எழுதுங்க. அடுத்த வாரம் ப்ளூடூத். அது தனி வழக்கு.