முத்து மாலையும் பிஸ்கட் பெட்டியும்

ஜூலியட் கோர்டன் லோ என்னும் அம்மையார் 1912 மார்ச் 12 அன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சவன்னா நகரில் 18 சிறுமியரைக் கூட்டிச் சாரணியர் இயக்கத்தைத் தொடங்கினார். தொடக்க ஆண்டுகளின் செலவை ஈடுகட்டத் தம் முத்து மாலையையே விற்றார். ஆனால், ஒருவரது அணிகலனைக் கொண்டு ஓர் இயக்கம் எத்தனை நாள் நடக்கும்? கூடாரத்துக்கும் சீருடைக்கும் வேண்டிய பணத்தைச் சிறுமியரே உழைத்துத் தேடும் காலம் விரைவில் வந்தது. 1917-இல் ஓக்லஹோமா மாநிலத்து மஸ்கோகி ஊரின் சாரணியர் குழு ஒன்று, வீட்டு அடுப்பில் பிஸ்கட் சுட்டுப் பள்ளி உணவுக்கூடத்தில் விற்றது.

1922 ஜூலையில் இயக்கத்தின் இதழில் சிகாகோவைச் சேர்ந்த புளோரன்ஸ் நீல் ஒரு சமையற் குறிப்பு எழுதினார். வெண்ணெய், சர்க்கரை, முட்டை, பால், மாவு என எல்லாம் எந்த வீட்டு அலமாரியிலும் இருப்பவையே. ஆறேழு டஜன் பிஸ்கட்டுக்கு 26 முதல் 36 சென்ட் செலவாகும். ஒரு டஜனை 25 அல்லது 30 சென்டுக்கு விற்கலாம் என்றது அவர் கணக்கு. நாமும் கூட்டிப் பார்த்தோம். ஒரு முறை சுட்டால் ஒரு டாலருக்கு மேல் மிஞ்சுகிறது. அடுப்பெரித்த செலவும் அருகில் நின்ற அன்னையரின் உழைப்பும் மட்டும் அக்கணக்கில் இல்லை. அன்னையரின் உழைப்பு எந்த நாட்டுக் கணக்கில்தான் ஏறியிருக்கிறது!

சுட்ட பிஸ்கட்டை மெழுகுத் தாள் பையிலிட்டு, அண்டை வீடுகளின் கதவைத் தட்டி விற்றார்கள். வாங்குபவர் இதில் என்ன சேர்த்தாய் என்று கேட்டால், மாவு பிசைந்த சிறுமியே விடை சொல்ல முடிந்தது.

பொருளாதார வீழ்ச்சியின் கொடுமை மிகுந்திருந்த 1933-இல், பிலடெல்பியா சாரணியர் எரிவாயு, மின்சார நிறுவனத்தின் சன்னலருகே, தெருவில் போவோர் காணும்படி பிஸ்கட் சுட்டு விற்றனர். 44 பிஸ்கட் கொண்ட பெட்டி 23 சென்ட். மறு ஆண்டே அவ்வேலை பேக்கரிக்குப் போயிற்று. 1936-இல் தேசியத் தலைமையகம் ஆலைகளுக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. போர்க்காலத்தில் சர்க்கரையும் வெண்ணெயும் தட்டுப்படவே 1944-இல் நாட்காட்டி விற்றார்கள்; பின்னர் மீண்டும் பிஸ்கட்டே. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடிப் பெட்டிகள் விற்கின்றன. ஆலைக்கு மாறியதை நாம் குறை கூறவில்லை. அத்தனை பெட்டிகளை எந்த வீட்டு அடுப்பு சுட்டுத் தரும்? எனினும், அந்தப் பழைய கேள்விக்கு விடை சொல்லும் வாய்ப்பு அன்றோடு சிறுமியர் கையைவிட்டு நழுவிற்று.

அதை மீட்கச் சிறுமியரே முயன்றார்கள். 2007-இல் மிச்சிகன் மாநிலத்தில் 11 வயதுச் சாரணியர் இருவர் ஒராங்குட்டான்களைப் பற்றி ஆராயத் தொடங்கினர். அவ்விலங்குகள் வாழும் மழைக்காடுகள் பாமாயில் தோட்டங்களுக்காக அழிக்கப்படுவதை அறிந்தனர். அந்த எண்ணெய் தாங்கள் விற்கும் பிஸ்கட்டிலேயே இருக்கக் கண்டு, விற்க மறுத்துவிட்டனர். 2011-இல் தலைமையகம் சில மாற்றங்களை அறிவித்தது. எண்ணெய் முற்றிலும் நிற்கவில்லை.

2020 டிசம்பரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வேறொன்றை எழுதியது. இந்தோனேசியா, மலேசியா நாடுகளின் பாமாயில் தோட்டங்களில் பள்ளிக்குச் செல்லவேண்டிய பிள்ளைகள் பழம் பொறுக்குகிறார்கள். அத்தகைய எண்ணெயின் வழித்தடம் இந்தப் பிஸ்கட் வரை நீள்கிறது என்றது அச்செய்தி. பிள்ளைகள் தேடிய கூடாரப் பணத்தில் வேறு பிள்ளைகளின் வியர்வை கலந்திருக்கக்கூடும் என்று எண்ணும்போது நமக்குப் பேச்செழவில்லை.

அச்செய்தியில் டென்னசி மாநிலத்துச் சிறுமி ஒருத்தியும் வருகிறாள். பிஸ்கட் விற்பனையில் முன்னணியில் நின்றவள். ஒரு நாள் பெட்டியைத் திருப்பி, அதில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று வாசித்தாள். அதன்பின் அவள் விற்கப் போகவில்லை.