நாள் குறித்து வெளிவரும் மென்பொருளும் தமிழாக்கமும்



பாகான் டத்தோ வட்டாரத்துத் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குக் கணினித் திரையில் 'கோப்பு', 'சேமி', 'அச்சிடு' என்று தமிழ்ச் சொற்களைக் காண்பதே தனி மகிழ்ச்சி. அதே திரையில் சில சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் நின்றால், மொழிபெயர்த்தவரின் அசட்டை என்று எண்ணிவிடுகிறோம். மென்பொருள் எந்நாளில் வெளியாகிறது என்பதற்கும் இதில் பெரும்பங்கு உண்டு.

மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் இடந்தருபவை திறவூற்று மென்பொருள்கள். தொடக்கத்தில் இவற்றுள் பலவற்றுக்கு வெளியீட்டு நாள் என்று ஒன்று இல்லை; ஆயத்தமானால் வரும், அவ்வளவுதான். டெபியன் 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வெளிவந்தது, அடுத்த 3.1 பதிப்புக்கு 2005 ஜூன் வரை காத்திருக்க நேர்ந்தது. தரத்தில் குறையில்லை. ஆனால், பகலில் பிழைப்பைப் பார்த்துவிட்டு இரவில் மொழிபெயர்க்கும் தன்னார்வலரின் நிலை என்ன? இவ்வாரம் தமிழாக்கிய தொடரை அடுத்த வாரமே நிரலாளர் மாற்றிவிடலாம். 2000ஆம் ஆண்டையொட்டித் 'தமிழ் லினக்ஸ்' முயற்சியில் கேடிஇ, க்னோம் ஆகிய திரைச்சூழல்களைத் தமிழாக்க முனைந்தோர் இத்தகைய தன்னார்வலர்களே.

2002 ஜூனில் 2.0 பதிப்பை வெளியிட்ட க்னோம் திட்டம் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஆறு மாதத்திற்கு ஒரு பதிப்பு என நாள் குறிக்கப்பட்டது. அந்நாளுக்குள் முடியாத வசதி அடுத்த பதிப்புக்குத் தள்ளிப்போகும்; நாள் தள்ளிப்போகாது. நமக்கு முக்கியமானது இதற்குள் அமைந்த இன்னொரு விதி. வெளியீட்டிற்குச் சில வாரங்களுக்கு முன்பே திரைச் சொற்கள் உறைநிலைக்கு வந்துவிடும். தேர்வுத்தாள் அச்சுக்குப் போனபின் வினாவை மாற்ற இயலாதல்லவா? அதுபோல, அதன்பின் ஒரு சொல்லை மாற்றவும் நிரலாளர் மொழியாக்கக் குழுவிடம் இசைவு பெறவேண்டும். சிறுகுழுக்களுக்குக் கிடைத்த பெரும்பேறு இதுவே என்பேன். 80 விழுக்காட்டுச் சொற்களை முடித்த மொழியே முழு ஆதரவுள்ள மொழியாகக் கணக்கில் சேரும்; அந்த எல்லையை எட்ட இந்த வாரங்கள்தாம் கைகொடுத்தன.

நம் நாட்டில் அரசுத்துறைக்கான திறவூற்று மென்பொருள் பெருந்திட்டம் வெளியான 2004ஆம் ஆண்டிலேயே உபுண்டுவும் பிறந்தது. க்னோமின் நாள்காட்டியைத் தழுவி, ஏப்ரலிலும் அக்டோபரிலும் வருவது அதன் வழக்கம். முதற்பதிப்பின் எண் 4.10, அதாவது 2004ஆம் ஆண்டு பத்தாம் மாதம். (பதிப்பெண்ணே பிறந்தநாளைச் சொல்லிவிடுகிறது!) 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பு மட்டும் ஆறு வாரம் தாமதித்து ஜூன் 1ஆம் நாள் 6.06 என வெளிவந்தது. அத்தாமதத்திற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் மொழியாக்கச் செம்மையும் ஒன்று.

நாள் குறிப்பதெல்லாம் நன்மைக்கே என்றும் சொல்வதற்கில்லை. பயர்பாக்ஸ் உலாவி 2011இல் ஆறு வாரச் சுற்றுக்கு மாறியது. 2020 முதல் நான்கு வாரமாயிற்று. பாதுகாப்புக்கு அது நல்லதே. ஆயினும் இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள ஒரு மொழிக்குழு மாதந்தோறும் ஓடிக்கொண்டிருக்க முடியுமா என்ன?

க்னோம் இன்றும் மார்ச், செப்டம்பர் மாதங்களையே கடைப்பிடிக்கிறது. எனவே அதன் சொற்கள் உறைவது ஏறத்தாழ பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். தமிழாக்கத்தில் கைகொடுக்க விழையும் ஆசிரியர்கள் அவ்விரு மாதங்களை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.