கதவு திறந்த வீடுகள்: பழைய ஜித்தா சொல்லும் பாடம்



எம் மத்ரஸாவில் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு மாலையில் மாணவர் ஒருவர் எழுந்து, "உஸ்தாத், பழைய வீடுகளைப் புதுப்பித்து, விளக்கேற்றி, விழா எடுத்து மக்களுக்குக் காட்டுகிறார்களே! கட்டடங்களைக் கொண்டு பெருமையடிப்பது நம் மார்க்கத்தில் பழிக்கப்பட்டதல்லவா?" என்று வினவினார்.

நேர்மையான வினா. உயர்ந்த இடங்களிலெல்லாம் வீணாக நினைவுச் சின்னங்களை எழுப்பிய ஆது கூட்டத்தார் கண்டிக்கப்பட்ட செய்தி அஷ்ஷுஅரா அத்தியாயத்தில் உள்ளது. அதே வேளை, மனிதன் அமைதி பெறும் இடமாக இல்லத்தை ஆக்கித் தந்ததைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் நினைவூட்டுகிறான். இவ்விரண்டுக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே இருக்கிறது? அன்று எம்மால் உடனே விடை கூற இயலவில்லை. பழைய ஜித்தா நகரின் வரலாற்றைப் படித்தபின்னரே ஒரு தெளிவு பிறந்தது. அதையே இங்குப் பகிர்கிறோம்.

ஹிஜ்ரி 26-இல், அதாவது கி.பி. 647-இல், கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் ஜித்தாவை மக்காவின் துறைமுகமாக ஆக்கினார்கள். அன்று தொட்டு, கடல் வழியே வந்த ஹாஜிகள் முதலில் கால் பதித்த மண் அதுவாயிற்று. நம் பாட்டனார் காலத்து ஹாஜிகளும் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலேறி, பல நாள் கடலில் மிதந்து, அங்கேதான் கரையிறங்கினர். 1995-ஆம் ஆண்டோடு அந்தக் கப்பல் பயணம் முடிவுக்கு வந்தது. இன்று விமான நிலையத்திலிருந்து நேரே பேருந்தில் ஏறி மக்கா செல்லும் நமக்கு, பழைய ஜித்தாவின் வீதிகள் கண்ணில் படுவதே இல்லை.

"அல்பலத்" என்று மக்கள் அழைக்கும் அப்பழைய நகரின் வீடுகள் கடல் தந்தவை. செங்கடலின் பவளப்பாறைகளை வெட்டியெடுத்துச் சுவரெழுப்பினர். பவளக்கல் இலேசானது, நுண்துளைகள் நிறைந்தது. அதன் பாரம் சீராகப் பரவும்பொருட்டு, கல் வரிசைகளுக்கிடையே மரச்சட்டங்களைக் கிடையாகப் பதித்தனர். மேலே சுண்ணாம்புப் பூச்சு. தேக்கு முதலிய மரங்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து கப்பல்களில் வந்தன.

அம்மரங்களைக் கொண்டு செதுக்கப்பட்டவையே "ரோஷன்" எனப்படும் மரச்சாளரங்கள். வீட்டின் முகப்பிலிருந்து வீதியை நோக்கிப் புடைத்து நிற்கும் இவற்றின் சட்டப் பின்னல் வழியே கடற்காற்று உள்ளே நுழையும், வெயில் வடிகட்டப்படும். உள்ளிருக்கும் பெண்கள் வீதியைக் காணலாம். வீதியில் செல்வோர் உள்ளே காண இயலாது. அங்கே வைக்கப்பட்ட மண்குடங்களில் குடிநீர் குளிர்ந்துகொண்டிருக்கும். பார்வையைத் தாழ்த்துதல், அண்டை வீட்டாரின் அந்தரங்கம் பேணுதல் ஆகிய ஒழுக்கங்களைத் தச்சர்கள் மரத்திலே எழுதிவைத்தனர் எனலாம்.

உள்ளமைப்பும் அவ்வாறே. கீழ்த்தளத்தில் "திஹ்லீஸ்" என்னும் நுழைகூடம். அதையொட்டி ஆண் விருந்தினர் அமரும் "மக்அத்" அறை. மேல்தளங்கள் குடும்பத்தாருக்கு உரியவை. அனுமதி கோராமல் பிறர் இல்லத்தினுள் நுழையலாகாது என்ற அந்நூர் அத்தியாயத்தின் கட்டளை, அவ்வீடுகளின் அமைப்பிலேயே செயல்பட்டது. உச்சியில் மொட்டைமாடி, கோடை இரவுகளில் குடும்பமே அங்கு உறங்கும். நன்னீர் அரிதான நகரமாதலால், மழைநீரைச் சேமிக்க நிலத்தடித் தொட்டிகளை அமைத்திருந்தனர். 1947-இல் மன்னர் அப்துல் அஸீஸ் காலத்தில் அஸீஸிய்யா நீர்த்திட்டம் வந்த பின்னரே அந்தத் தட்டுப்பாடு தணிந்தது.

ஹஜ் காலம் வந்துவிட்டால் இவ்வீடுகளின் முகமே மாறிவிடும். மக்காவிலுள்ள முதவ்விஃப்களின் சார்பாக ஜித்தாவில் இருந்த வகீல்கள், துறைமுகத்தில் இறங்கிய ஹாஜிகளை வரவேற்று இவ்வீடுகளில் தங்கவைப்பர். ஜித்தாவாசிகளுக்கு அது வருவாய், அதில் ஐயமில்லை. ஆயினும், பல மொழிகள் பேசிய அந்நிய மனிதர்கள் இஹ்ராம் உடையோடு ஒரே கூரையின்கீழ் உறங்கிய வீடுகள் அவை என்பதையும் மறத்தலாகாது.

அவ்வீடுகளுள் தலையாயது சூக் அல்அலவி வீதியிலுள்ள நஸீஃப் இல்லம். உமர் நஸீஃப் என்னும் செல்வந்தர் 1872-இல் தொடங்கி, 1881-இல் கட்டி முடித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்டது. ஒட்டகமே ஏறிச் செல்லுமளவு அதன் படிகள் அகன்றும் தாழ்ந்தும் இருக்கும் என்பர். 1925-ஆம் ஆண்டின் இறுதியில் ஜித்தா வசமானபோது மன்னர் அப்துல் அஸீஸ் தங்கியதும் அவ்வில்லத்தில்தான். அதன் வாயிலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. நெடுங்காலம் அந்நகரில் இருந்த ஒரே மரம் அதுவென்றும், இந்தியாவிலிருந்து வந்ததென்றும் சொல்வர். "மரமுள்ள வீடு" என்றே மக்கள் அவ்வில்லத்தை அடையாளம் கூறினர். நம் முற்றத்து வேம்பு, ஹிஜாஸ் மண்ணில் ஒரு வீட்டுக்கு முகவரியாயிற்று!

ஆயினும் அவ்வில்லத்தின் சிறப்பு அறைகளின் எண்ணிக்கையில் இல்லை. உமர் நஸீஃபின் பேரரான ஷைக் முஹம்மது நஸீஃப் (இறப்பு 1971) அதை அறிஞர்களின் இல்லமாக்கினார். பல்லாயிரம் நூல்களைத் திரட்டி வைத்தார்; தேடி வந்தோருக்கு அவற்றைத் திறந்துவைத்தார். ஹஜ்ஜுக்கு வந்த ஆலிம்கள் அவரைக் காணாமல் செல்வது அரிது. அவருக்குப் பின் அந்நூல்கள் மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. செல்வந்தர் கட்டிய மாளிகைக்கு நிலைத்த பெயரைத் தந்தது பேரரின் நூலகமே.

காலம் மாறியது. 1947-இல் நகரின் பழைய மதில் இடிக்கப்பட்டது. எண்ணெய் வளத்தால் நகரம் விரிந்தது. வசதி படைத்த குடும்பங்கள் புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. பவளக்கல் வீட்டுக்குக் குடியிருப்போரின் கை தேவை. சுண்ணாம்புப் பூச்சைப் புதுப்பிக்காவிடில் ஈரமும் உப்பும் சுவரை அரிக்கும். ஆளில்லா வீடுகள் சரிந்தன. தீ விபத்துகள் பலவற்றை விழுங்கின. எஞ்சியவற்றில் தொலைதூரத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தனர்.

2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வீதிகளில் ஒரு விழா நடந்தது. பெயர் "குன்னா கிதா". "நாங்கள் இப்படி இருந்தோம்" என்பது அதன் பொருள். பூட்டிக் கிடந்த சில வீடுகள் திறக்கப்பட்டன. பழைய உடை, பழைய கைத்தொழில், பழைய உணவு யாவும் வீதிக்கு வந்தன. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் யுனெஸ்கோ, "மக்காவின் நுழைவாயில்" என்னும் அடைமொழியோடு பழைய ஜித்தாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2019-இல் 56 கட்டடங்களைச் சீரமைக்க 5 கோடி ரியால் ஒதுக்கப்பட்டது. ரமழான் இரவுகளில் இன்றும் அங்கே குடும்பங்கள் திரள்கின்றன.

இதில் மகிழ்ச்சியும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. சீரமைக்கப்பட்ட வீடுகளுள் சில இப்போது விலையுயர்ந்த தங்கும் விடுதிகள். ஏழை ஹாஜி பாய் விரித்துப் படுத்த இடத்தில் செல்வந்தருக்கு மட்டுமே இடமுண்டு என்றாகிவிட்டால், சுவர் பிழைத்திருக்கும், வீடு இறந்திருக்கும்.

மாணவரின் வினாவுக்கு இப்போது விடை கூறுகிறோம். கட்டியவரின் செல்வத்தைக் காட்டுவதற்காக மட்டும் ஒரு வீட்டைத் திறந்தால், அது பெருமை. அங்கே யார் உண்டார், யார் கற்றார், எந்த வழிப்போக்கர் இளைப்பாறினார் என்பதை நம் மக்கள் அறியத் திறந்தால், அது நன்றி. "நாங்கள் இப்படி இருந்தோம்" என்ற சொல்லுக்குப் பின் "இன்று எப்படி இருக்கிறோம்?" என்ற கேள்வி எழவேண்டும். அக்கேள்வியை எழுப்பும் விழா பயனுள்ள விழா.

நம் குடும்பங்களிலும் பாட்டனார் கட்டிய வீடுகள் இருக்கக்கூடும். அனைத்தையும் காத்துவைக்க எல்லோராலும் இயலாது. பாகப்பிரிவினையும் வறுமையும் நாம் அறியாதவை அல்ல. இடிப்பதைத் தவிர வழியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நாள் அவ்வீட்டின் கதவுகளைத் திறந்து வையுங்கள். பெரியம்மாவையும் பாட்டியையும் அழைத்து அமரச் செய்து, எந்த அறையில் ஹாஜிகளை வழியனுப்பினர், எந்தத் திண்ணையில் குர்ஆன் ஓதக் கற்றனர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அதை எழுதியும் வையுங்கள். புதிய வீடு கட்டும்போது, விருந்தினருக்கென ஓர் இடத்தை மறவாமல் ஒதுக்குங்கள்.

நம் இல்லங்களை அமைதியின் இல்லங்களாகவும், விருந்தினருக்குக் கதவு திறந்த இல்லங்களாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.