ஓலமும் கூப்பாடும்

'வீல்' என்று ஒரு குரல் கிளம்பினால் அதற்கு என்ன பெயர் வைப்பது? கத்தியவர் யார், கேட்டவர் யார் என்பதைப் பொறுத்தது அது. ஓலம், அலறல், கூக்குரல், கூப்பாடு என்று மாற்றி மாற்றி எழுதிவிடுகிறோம். இச்சொற்களுக்குள் ஒரு படிநிலை இருக்கிறது.

ஓலத்துக்கு ஒலி, புலம்பல், அபயக்குரல் என்று பொருள்கள் உண்டு. இவற்றில் அபயக்குரல் என்ற பொருள்தான் வழக்கில் தேய்ந்து வருகிறது. 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் எறிபத்த நாயனார் கதை கரூரில் நடக்கிறது. பட்டத்து யானை பூக்கூடையைப் பறித்துச் சிந்த, முதியவரான சிவகாமியாண்டார் சிவனைக் கூவி ஓலமிடுகிறார். எறிபத்தர் மழுவோடு ஓடிவந்து யானையையும் பாகர்களையும் வெட்டிச் சாய்க்கிறார். படையோடு வந்த புகழ்ச்சோழன் காரணம் தெரிந்ததும் தன் வாளையே நீட்டி, தன்னையும் கொல்லச் சொல்கிறான். ஓலம் கேட்டவரைக் கடமைப்படுத்துகிறது, அரசனும் விலக்கல்ல. ஆனால் வெட்டுப்பட்ட பாகர்கள் எப்படிக் கத்தினார்கள் என்று கதை சொல்கிறவர்கள் கவலைப்படுவதில்லை. அடியாரின் குரல் ஓலம். பாகனின் குரலுக்குப் பெயரே இல்லை.

அரசவாயிலில் எழுந்த 'முறையோ!' என்ற குரல், இன்று முறையீடு, மேல்முறையீடு என்று நீதிமன்றக் காகிதமாகிவிட்டது. வக்கீல் வைக்க முடிந்தவருக்கு அது உதவும். 'கூப்பிடு'வோடு பிறந்த கூப்பாடு தெருவிலேயே நின்றுவிட்டது. அழைப்பு என்ற பொருள் மங்கி, வெற்று இரைச்சல் என்ற ஏளனம் அதில் ஏறிக்கொண்டது.

கரூரிலிருந்து காவிரியோரமாக மேலே வந்தால், பவானிக்கு எதிர்க்கரையில் குமாரபாளையம். விசைத்தறி ஊர். தறி ஓடும்போது பக்கத்து ஆளிடம் பேசவே கத்தியாக வேண்டும். இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளில் பெண்கள் உதட்டசைவிலேயே பேசிக்கொள்ளப் பழகினார்கள். அவ்வளவு இரைச்சலில் அபயக்குரலைத் தனியாகப் பிரித்தறிவது எப்படி? பேச்சுவழக்கும் இதற்கு உதவுவதில்லை. 'மொதலாளி சத்தம் போட்டுட்டாரு' என்றால் கண்டித்தார் என்று பொருள். தறிக்காரரிடம் 'ஏய்யா சத்தம் போடறே?' என்றால் வாயை மூடு என்று பொருள். வினை ஒன்றுதான். மேலிருந்து வந்தால் கண்டிப்பு, கீழிருந்து போனால் தொந்தரவு.

முன்பணம் வாங்கியவர், அது தீராமல் வேறு பட்டறைக்குப் போக முடியாமல் சிக்கிக்கொள்வது விசைத்தறி வட்டாரங்கள் அறிந்த கதை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. உறுப்பு விற்பனைக்கு எதிரான சட்டம் 1994இல் வந்தது. ஆனாலும், அடுத்திருக்கும் பள்ளிபாளையம் பகுதியில் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற விவகாரம் 2025இல் வெடித்தது.

இந்தக் குரலை எந்தச் சொல்லால் எழுதுகிறோம் என்பதில்தான் நம் அரசியல் இருக்கிறது. ஓலம் என்றால், கேட்டவன் கடன்பட்டவனாகிறான். கூப்பாடு என்றால், கடன் கத்தியவனோடேயே நின்றுவிடுகிறது.