போர்ட்டிலிருந்து பொறுப்புக்கு: மேடை மென்பொருளில் மிடி கீபோர்டு இணைப்பு வளர்ந்த வழி

1983 ஜனவரியில் கலிபோர்னியாவின் அனகைம் நகரில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் புராஃபெட்-600 சின்தசைசரும் ரோலண்டின் ஜூபிடர்-6 சின்தசைசரும் மிடி கேபிளால் இணைக்கப்பட்டன. ஒன்றில் அழுத்திய கட்டை மற்றதிலும் ஒலித்தது. சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய, இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான மிடி (MIDI) என்ற இந்த நெறிமுறையின் எழுத்து வடிவம் அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வந்தது. நொடிக்கு 31,250 பிட் வேகம், 5 ஊசிச் செருகி, ஒரு கேபிளில் 16 சேனல்கள் என எல்லாமே குறைந்த செலவில் எல்லா நிறுவனங்களும் ஏற்கக்கூடியவை. அந்தச் சிக்கனத்தோடு ஒரு விலையும் சேர்ந்தே வந்தது. செய்தி ஒரே திசையில்தான் ஓடும். கேபிளின் மறுமுனையில் எந்தக் கருவி இருக்கிறது, கருவி ஏதும் இருக்கிறதா என்பதுகூட அனுப்பும் கருவிக்குத் தெரியாது. இன்று மேடையில் மடிக்கணினியை வைத்து வாசிப்பவர்கள் படும் இணைப்புச் சிக்கல்களில் பெரும்பகுதிக்கு வேர் இங்கே இருக்கிறது என்பதும், அதற்கான சரியான விடை கருவியை இன்னும் துல்லியமாக அடையாளம் காண்பதில் இல்லை, கச்சேரியில் அதன் பொறுப்பைக் கருவியிலிருந்து பிரித்து வைப்பதில் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தொடக்க ஆண்டுகளில் இந்தக் குறை யாரையும் பெரிதாக வருத்தவில்லை. முதல் போர்ட்டில் செருகியது முதல் கீபோர்டு, இரண்டாவதில் செருகியது இரண்டாவது. செருகிய இடமே கருவிக்கு அடையாளமாக இருந்தது. பிற்காலத்தில் கருவியிடம் அதன் நிறுவனத்தையும் மாடலையும் கேட்டறியும் செய்தியும் மிடியில் சேர்க்கப்பட்டது. ஆனால் பதில் வர இன்னொரு கேபிள் வேண்டும். ஒரே மாடலில் இரண்டு கருவிகள் இருந்தால் பதிலும் ஒன்றுபோலவே வரும். 1990களில் மெக்கின்டாஷ் கணினிகளில் ஓப்கோட் நிறுவனத்தின் ஓ.எம்.எஸ். மென்பொருள் இதற்கு நல்ல வழி ஒன்றைக் காட்டியது. ஒலிப்பதிவுக்கூடத்தில் எந்தப் போர்ட்டில் எந்தக் கருவி என்பதை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், பாட்டுக் கோப்புகள் போர்ட் எண்ணை விட்டுவிட்டுக் கருவியின் பெயரையே பின்பற்றின. 1998இல் ஓப்கோட்டை கிப்சன் நிறுவனம் வாங்கிய பிறகு அந்த முயற்சி தேங்கிப்போனது. வணிகக் காரணத்தால் ஒரு நல்ல சிந்தனை பாதியில் நின்றது என்பதே என் மதிப்பீடு.

1999இல் யு.எஸ்.பி. வழி மிடிக்கான வரையறை வெளியானதும் இடம் என்ற அடையாளம் ஆட்டங்கண்டது. யு.எஸ்.பி.யில் எந்தத் துளையில் எதைச் செருகினாலும் வேலை செய்யும். அந்த வசதியே மேடையில் தொல்லையானது. சாதனத்துக்குத் தொடர் எண் பொறிப்பதை யு.எஸ்.பி. கட்டாயமாக்கவில்லை. தொடர் எண் இல்லாத கீபோர்டை வேறு துளைக்கு மாற்றினால், விண்டோஸ் அதைப் புதுச் சாதனமாகக் கருதிப் பெயருக்கு முன்னால் ஓர் எண்ணைச் சேர்க்கக்கூடும்; பழைய பெயரைத் தேடும் மென்பொருளோ எதுவும் செருகப்படவில்லை என்று எண்ணிக்கொள்ளும். விண்டோஸின் பழைய மிடி இடைமுகம் சாதனங்களை வரிசை எண்ணாலேயே திறந்ததால், ஒத்திகையில் இருந்த ஒரு கருவி மேடைக்கு வராவிட்டால் மற்றவற்றின் எண்ணும் நகர்ந்துவிடும். ஆப்பிளின் கோர் மிடி ஒவ்வொரு முனைக்கும் தனி அடையாள எண் கொடுத்து நிலைமையைச் சீராக்கியது. ஆயினும் அதுவும் கருவியைப் பற்றிய அறிவுதான்.

திருப்பம் மேடை மென்பொருள்களில் வந்தது. 2007இல் ஆப்பிள் வெளியிட்ட மெயின்ஸ்டேஜில் கீபோர்டு, பெடல், குமிழ் ஆகியவற்றைத் திரையில் ஒருமுறை வரைந்து, உண்மைக் கருவியோடு இணைத்துவிடலாம். ஒவ்வொரு பாட்டுக்குமான ஒலியமைப்பும் அந்தத் திரைவடிவத்தையே நம்பி நிற்கும். கான்டபைல், கிக் பெர்ஃபார்மர் போன்றவையும் 'முதன்மைக் கீபோர்டு', 'மேல் கீபோர்டு' என நாம் வைக்கும் பெயரைப் பாட்டுக்கும் சாதனத்துக்கும் நடுவில் நிறுத்துகின்றன. ஓ.எம்.எஸ். தந்தது கருவியின் பெயர். இவை தருவது வேலையின் பெயர். ராஜபார்ட் வேடத்தை இன்று எந்த நடிகர் கட்டினாலும் நாடகத்தின் வசனம் மாறாததுபோல, வாடகைக்கு வந்த கீபோர்டை முதன்மைக் கீபோர்டாக நியமித்தால் நாற்பது பாட்டின் அமைப்பில் ஒன்றையும் தொட வேண்டியதில்லை.

இடையில் ஓர் அடுக்கைச் சேர்ப்பது பழுதுபடக்கூடிய இடத்தையும் கூட்டுவதாகாதா என்று கேட்கலாம். கூட்டுகிறதுதான். ஆனால் பழுது எங்கே என்று தேடவேண்டிய இடம் ஒன்றாகச் சுருங்குகிறது; கச்சேரி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில் அந்தச் சுருக்கமே பெரிது. இதைவிட வலுவான மறுப்பு மிடி 2.0. 2020இல் அறிமுகமாகி 2023இல் விரிவாக்கப்பட்ட அந்த நெறிமுறையில் கருவிகள் இருதிசையும் பேசுகின்றன. தம் பெயரையும் தனி அடையாளத்தையும் தாமே அறிவிக்க முடிகிறது. இனி இந்த இடையடுக்கு எதற்கு? அடையாளம் கருவியின் பண்பு, பொறுப்பு கச்சேரியின் பண்பு என்பதே பதில். வழக்கமான கீபோர்டு பழுதாகி வேறொன்று வரும்போது, புதுக் கருவி தன்னை எவ்வளவு துல்லியமாக அறிவித்தாலும், அது எந்தப் பொறுப்பை ஏற்கவேண்டும் என்பதை அதனால் சொல்ல இயலாது.

கேபிள் கழன்றுவிடும் நேரத்தில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மிடியில் கட்டையை அழுத்துவதும் விடுவதும் தனித்தனிச் செய்திகள். இடையில் தொடர்பு அறுந்தால் சுரம் நிற்காமல் ஒலிக்கும். பழைய மிடியிலேயே இதற்கு ஏற்பாடு உண்டு: தான் இருப்பதை அறிவிக்கும் செய்தியை அனுப்பிவந்த கருவியிடமிருந்து ஏறத்தாழ 300 மில்லிசெகண்ட் எதுவும் வராவிட்டால், பெறும் கருவி ஒலியை நிறுத்தும். அதுவும் கட்டாயமில்லை என்பதால் பல கருவிகள் அதை அனுப்புவதே இல்லை. யு.எஸ்.பி.யில் துண்டிப்பை இயங்குதளமே தெரிவிக்கிறது. ஒலியை நிறுத்துவதா விடுவதா என்பது மென்பொருளின் கையில். தனி வாசிப்பின் சுரம் தொங்கினால் உடனே அடக்க வேண்டும். பாடகருக்குப் பின்னால் நீளும் மெல்லிய பின்னணி ஒலியைச் சட்டென அறுப்பதோ தொங்க விடுவதைவிடக் கேடு. எந்தச் சாதனம் கழன்றது என்று மட்டும் அறிந்த மென்பொருளால் இந்த இரண்டையும் பிரித்து நடத்த முடியாது. அந்தக் கணத்தில் அந்தக் கீபோர்டு எந்த வேலையில் இருந்தது என்பதும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.