ஒடுக்கப்பட்டோர் ஈன்ற தாளம்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பளபளக்கும் உடையணிந்து டிஸ்கோ தாளத்துக்கு ஆடினால், பெரியோர் அதனை மேனாட்டுச் சீரழிவு என்பர். வரலாறு வேறு கூறுகிறது.

1970களில் நியூயார்க்கில் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் கூடிய ஆடற்கூடங்களில் அவ்விசை வளர்ந்தது. 1979 சூலை 12இல் சிக்காகோ விளையாட்டரங்கொன்றில் அதன் இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தனர். ஆயினும் அது மாளவில்லை. 1982இல் வெளிவந்த ‘டிஸ்கோ டான்சர்’ இந்திப்படத்தின் ‘ஜிம்மி ஜிம்மி’ பாடலுக்குப் பப்பி லஹரி இசையமைத்தார். அப்படமே 1985இல் ‘பாடும் வானம்பாடி’ எனத் தமிழுக்கு வந்தது. 2007இல் அப்பாடலைப் புதுப்பித்துப் பாடியவர், ஈழப்போரால் அகதியாக இலண்டன் சென்ற மாயா அருள்பிரகாசம்.

ஒடுக்கப்பட்டோர் ஈன்ற இசையை ஏதிலியான தமிழ்மகள் ஒருவர் மீட்டெடுத்தார். தோட்டப் பாட்டாளிகளின் வழிவந்த நாம் அதனை இழித்துரைத்தல் தகுமோ? ஆடுவோரைத் தடுப்பதினும், அத்தாளத்தின் பிறப்பை அவர்க்குக் கற்பிப்பதே ஆசிரியர் கடன்.